‘விசர்’ எண்டு எழுதிக் குடுத்தால் கொலைக்கேஸ் முடிஞ்சுதா?

#1 காலிவீதிக்காரன் | ஞாயிறு, இரவு 9.12

எங்கட லேனில போன மாசம் நடந்தது இங்க சில பேருக்குத் தெரிஞ்சிருக்கும். பேர், இடம் ஒண்டும் நான் போடேல்ல, தெரிஞ்சவையும் போடாதேங்கோ. இருபத்தாறு வயசுப் பெடியன் கீழ்வீட்டுப் பெரியவரைக் கத்தியால குத்தினவன். ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே பெரியவர் முடிஞ்சிட்டார். பெடியன் ஓடேல்ல. படிக்கட்டில குந்தியிருந்து போத்தல் தண்ணியால கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தவன். பொலிஸ் வரேக்க "நான்தான்" எண்டு எழும்பி நிண்டவன்.

இப்ப லேன் முழுக்க ஒரே கதை. "அவன் அங்கொடை மனநோய் ஆஸ்பத்திரிக்காரன், மருந்தை விட்டவன். லோயரைப் பிடிச்சு விசர் எண்டு எழுதி எடுத்தால் ஆறு மாசத்தில வீட்ட வந்திடுவான்." எனக்கும் அப்பிடித்தான் படுது. கத்தியைக் கழுவத் தெரிஞ்சவனுக்குக் குத்தினது பிழை எண்டு தெரியாதோ? சட்டம் தெரிஞ்ச ஆக்கள் விளக்கமா எழுதுங்கோ. சும்மா "பாவம்" எண்டு எழுதுற ஆக்கள் எழுத வேண்டாம்.

#2 கறுப்புக்கோட்டு | ஞாயிறு, இரவு 10.05

ஆறு மாசக் கதையை முதல்ல விடுங்கோ, பிறகு மிச்சத்தைக் கதைப்பம்.

எங்கட தண்டனைச் சட்டக்கோவை 1883இல வந்தது. இந்தியாவில 1860இல வந்த சட்டத்தைப் பாத்து எழுதினது. அதில 77ஆம் பிரிவு இருக்கு. செயலைச் செய்த அந்த நேரத்தில, சித்தசுவாதீனம் இல்லாத காரணத்தால, தான் செய்யிறது என்ன எண்டோ, அது பிழை அல்லது சட்டத்துக்கு மாறு எண்டோ அறிய முடியாத நிலையில ஒருத்தர் இருந்தால் அது குற்றம் ஆகாது. அவ்வளவுதான். வருத்தம் இருந்தது, கிளினிக் கொப்பி இருக்கு எண்டு காட்டினால் மட்டும் காணாது. "அந்த நேரம்", "அறிய முடியாத" எண்ட இரண்டு சொல்லிலதான் வழக்கே தொங்குது.

நிரூபிக்க வேண்டியது எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்தான். சான்றுக் கட்டளைச் சட்டம் 105ஆம் பிரிவில முதல் உதாரணமே இதுதான்: கொலைக் குற்றம் சாட்டப்பட்டவர் தனக்குச் சித்தசுவாதீனம் இருக்கேல்ல எண்டு சொன்னால், அதை எண்பிக்கிற பாரம் அவரில. அரச தரப்பு மாதிரி நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் காட்டத் தேவையில்ல, நடந்திருக்கக் கூடியது இதுதான் எண்டு தராசு சரியிற அளவுக்குக் காட்ட வேணும். டொக்டர் எழுதினது அபிப்பிராயம் மட்டும். தீர்மானிக்கிறது நீதிமன்றம்.

அப்பிடி வெண்டாலும் வாசலைத் திறந்து விடமாட்டினம். 1979ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, செயலைச் செய்தவர் இவர்தான், ஆனால் குற்றவாளி இல்லை எண்டு தீர்ந்தால், பத்திரமான காவலில வைக்கச் சொல்லிக் கட்டளை வரும். அதுக்கு முடிவுத் திகதி கிடையாது. குற்றவாளி எண்டு தீர்ந்தவருக்குத் தன்ர தண்டனை எவ்வளவு எண்டு தெரியும். இவருக்கு அதுவும் தெரியாது. இந்த வாதத்தை எடுக்க வேண்டாம் எண்டு கட்சிக்காரருக்குச் சொல்லுற லோயர்மாரும் இருக்கினம், காரணம் இதுதான்.

கத்தி கழுவினதைப் பற்றி: ஒளிச்சுக் கழுவினால் அரச தரப்புக்கு நல்ல சாட்சி. ஊர் பாக்கப் படிக்கட்டில கழுவினால் அது எந்தப் பக்கத்துச் சாட்சி எண்டு நீங்களே யோசியுங்கோ.

#3 தெமட்டகொட_மருமகன் | ஞாயிறு, இரவு 10.31

கறுப்புக்கோட்டு ஐயா எழுதினது எல்லாம் சரி. நான் மற்றப் பக்கத்து ஆள்.

பதினொரு வருசத்துக்கு முதல் எங்கட மாமாவை இப்பிடித்தான் ஒருத்தன் அடிச்சுக் கொண்டவன். அவனும் மருந்து எடுத்தவன். வழக்குக்கு ஒவ்வொரு தவணையும் நான்தான் மாமியைக் கூட்டிக்கொண்டு புதுக்கடைக் கோட்டுக்குப் போனது. டொக்டர் அறிக்கை வரேல்ல, திகதி. எதிரியைக் கொண்டுவரேல்ல, திகதி. எதிரிக்கு விளங்கேல்ல, திகதி. அவன்ர மூளைக்குள்ள என்ன நடந்தது எண்டு மூண்டு டொக்டர்மார் எழுதிச்சினம். மாமாவைப் பற்றி எழுதினது பிரேத பரிசோதனைக்காரர் மட்டும்.

மாமி இண்டைக்கும் வாசல் கதவுக்கு மூண்டு பூட்டுப் போடுறா. "பாவம் எண்டு எழுத வேண்டாம்" எண்டு இழையைத் தொடங்கினவர் சொன்னது எனக்குப் பிடிச்சுது.

#4 நித்திரையில்லாதவன் | ஞாயிறு, இரவு 11.48

இந்தச் சட்டம் எங்கயிருந்து வந்தது எண்டதே ஒரு கதை. 1843 ஜனவரி, லண்டன். டானியல் மக்நாட்டன் எண்ட ஸ்கொட்லாந்துக்காரன், ஆளும் கட்சி தன்னைத் துரத்துது எண்டு நம்பி, பிரதமர் ரொபர்ட் பீலைச் சுடப் போய், அவரின்ர செயலாளர் எட்வர்ட் டிரம்மண்டைச் சுட்டுப்போட்டான். குற்றவாளி இல்லை எண்டு தீர்ப்பு. ஊரே கொதிச்சுது, விக்டோரியா மகாராணிக்கும் கோபம். பிரபுக்கள் சபை நீதிபதிமாரைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்க, அவை சொன்ன பதில்தான் மக்நாட்டன் விதி. எங்கட 77 அதின்ர பேரப்பிள்ளை. மக்நாட்டன் எத்தினை மாசத்தில வீட்ட போனான் தெரியுமோ? போகவேயில்ல. 1865இல, உள்ளுக்குள்ளயே செத்தவன்.

"தப்பீட்டான்" எண்டு ஊர் கத்துறதுக்கு இப்ப 180 வருசத்துக்கு மேல வயசு.

#5 உண்மைவிளம்பி | திங்கள், காலை 6.20

ஒருவரும் மெயின் பொயின்டுக்கு வரவில்லை. இந்தக் குளிசைகள்தான் ஆட்களைக் கொலைகாரர் ஆக்குவது. அமெரிக்காவில் கம்பனிகள் நட்டஈடு கட்டியிருக்கின்றன. வருத்தம் இல்லாதவனுக்கும் குளிசை குடுத்து வருத்தக்காரன் ஆக்குகிறார்கள். தேடிப் பாருங்கள்.

#6 இரவுத்தாதி | திங்கள், காலை 7.55

நைட் டியூட்டி முடிஞ்சு பஸ்ஸில இருந்து எழுதுறேன், எழுத்துப்பிழை இருந்தா மன்னிச்சிருங்க. நான் மலையகம், பதினாலு வருஷமா கொழும்புப் பக்கம் மனநல வார்டில வேலை. எந்த ஆஸ்பத்திரின்னு கேக்காதீங்க.

உண்மைவிளம்பி சொல்றதில ஒரு துண்டு உண்மை இருக்கு. அதுதான் ஆபத்து. அமெரிக்காவில வயோமிங்கில, பரொக்செட்டின்ங்கிற மனச்சோர்வு மருந்து எடுத்த ஒருத்தர் குடும்பத்தைச் சுட்டுட்டு தன்னையும் சுட்டுக்கிட்ட வழக்கில, 2001ல ஜூரி கம்பனிக்கு எதிரா தீர்ப்பு சொன்னாங்க. 2004ல அந்த நாட்டு மருந்து நிர்வாகம், மனச்சோர்வு மருந்து எடுக்கிற பிள்ளைங்களுக்கும் வளரிளம் பருவத்துக்காரங்களுக்கும் தற்கொலை எண்ணம் கூடலாம்னு கறுப்புப் பெட்டி எச்சரிக்கை, அதாவது ஆகக் கடுமையான எச்சரிக்கை போட்டாங்க. 2007ல 24 வயசு வரைக்கும் நீட்டினாங்க. சுவீடன்ல 2015ல வந்த ஆய்வில, அந்த மருந்து எடுக்கிற காலத்தில 15லருந்து 24 வயசுக்காரங்க மத்தியில வன்முறைக் குற்றம் கூடுதலா இருந்திச்சு. பெரிய வயசுக்காரங்கள்ல அப்படித் தெளிவாத் தெரியல. மருந்துதான் காரணமா, மருந்து எடுக்க வச்ச நோய் காரணமான்னு அந்த ஆய்வால பிரிச்சுச் சொல்ல ஏலாது.

ஆனா அது மனச்சோர்வு மருந்து. குரல் கேக்கிற நோய்க்குக் குடுக்கிறது வேற வகை. அதே சுவீடன்ல எண்பத்திரண்டாயிரம் பேருக்கு மேல பார்த்தாங்க, 2006லருந்து 2009 வரைக்கும். அதே ஆள் மருந்து எடுக்கிற மாசத்தையும் எடுக்காத மாசத்தையும் ஒப்பிட்டாங்க. மருந்து எடுக்கிற காலத்தில வன்முறைக் குற்றம் 45 வீதம் குறைவு. இந்த ரெண்டையும் ஒரே "குளிசை"ன்னு ஒரு பைக்குள்ள போட்டீங்கன்னா, யாரோ ஒரு அம்மா இதை வாசிச்சிட்டு நாளைக்கு மகனுக்கு மருந்தை நிப்பாட்டுவாங்க.

பக்கவிளைவு இல்லைன்னு சொல்லல. வாய் ஒழுகும், கை நடுங்கும், உடம்பு போடும். சிலருக்கு இருக்கவே ஏலாது. கால் ரெண்டுக்குள்ளயும் எறும்பு ஓடுற மாதிரி வார்டை அளந்துகிட்டே இருப்பாங்க. அந்தத் தவிப்பை "குழப்படி பண்றான்"னு நினைச்சு டோஸைக் கூட்டினா இன்னும் மோசமாகும். இதெல்லாம் பார்த்துப் பக்கத்தில இருக்கிற ஆள் கவனிக்கணும். கிளினிக்கில ஒரு டொக்டருக்கு முன்னால இருக்கிற வரிசை உங்களுக்குத் தெரியாதது இல்ல.

#7 மருந்துக்கட_நானா | திங்கள், காலை 9.30

தாதி தங்கச்சி செல்லியது நூத்துக்கு நூறு சரி. நான் மருதானப் பக்கம் பார்மசி. சீட்டு இல்லாம வந்து "நானா, போன மொற தந்த நித்திரக் குளிச தாங்க"ன்னு நிக்கிறவங்க ஒரு நாளக்கி அஞ்சாறு பேராவது ஈக்கிறாங்க. குடுக்கல்லன்னா அடுத்த கடைக்கிப் போறாங்க.

2022ல டொலர் இல்லாத நேரம் என்ட கடயில வந்து அழுதிட்டுப் போன வாப்பாமார மறக்கேல. மனநோய்க்குக் குடுக்கிற குளோசபின் இல்ல, லித்தியம் இல்ல. இதில ஒண்ணு தெரிஞ்சிக்கோங்க. குளோசபின் ரெண்டு நாளுக்கு மேல விட்டுப்போட்டா, மறுபடி பழைய அளவில தொடங்க ஏலாது, கொஞ்சத்திலேந்து படிப்படியா ஏத்தணும். அதுக்குள்ள ஆள் எங்க போய் நிப்பானோ அல்லாதான் அறிவான். அந்தப் பிள்ள மருந்த விட்டதா, மருந்து பிள்ளய விட்டதான்னு யாராவது கேட்டீங்களா?

#8 அக்கா_ஒருத்தி | திங்கள், பகல் 1.15

எழுத வேண்டாம் எண்டு இரண்டு தரம் அழிச்சனான்.

என்ர தம்பிக்கு முப்பத்தொன்பது. பத்தொன்பது வயசில தொடங்கினது. மட்டக்குளியில ரண்டு அறை வீடு, நானும் அவனும் அம்மாவும். முதல் இரண்டு வருசம் நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகேல்ல. கொச்சிக்கடை அந்தோனியாருக்குச் செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை மெழுகுதிரி, பக்கத்து வீட்டு மாமி சொல்லி ஓதின தண்ணி, ஊரில நூல் கட்டினது. செய்வினை எண்டு ஒருத்தர் நாப்பதினாயிரம் வாங்கினார். பிறகுதான் ஊசி. பிறகுதான் குளோசபின். முதல் பதினெட்டுக் கிழமையும் கிழமைக்கு ஒருக்கா இரத்தம் எடுக்க வேணும். நான் வேலைக்கு லீவு போட்டுப் போட்டுக் கடைசியா வேலை போட்டுது.

ஆக்கள் நினைக்கிற மாதிரி திடீரெண்டு வாறேல்ல. எங்கட வீட்டில வரிசை இருக்கு. முதல்ல நித்திரை போகும். பிறகு ரீவியைச் சுவர்ப் பக்கம் திருப்புவான். பிறகு காதுக்குள்ள பஞ்சு. பஞ்சைக் கண்டால் நான் ஒண்டும் கதைக்கமாட்டன், கத்தி, அரிவாள், தேங்காய் துருவி எல்லாத்தையும் எடுத்து அரிசி வாளிக்குள்ள தாட்டுப்போட்டு மேல சுண்டைப் போட்டு மூடுவன். அவனுக்கு அது தெரியும். ஒருக்கா நல்லா இருக்கிற நேரம் சொன்னவன், "அக்கா, இனிமே வாளிக்குள்ள வைக்காத, வேற இடம் மாத்து. எனக்கு இடம் தெரிஞ்சிட்டுது."

இப்ப நீங்கள் சொல்லுங்கோ, இவனுக்குப் பிழை எண்டு தெரியுமா தெரியாதா?

ஒருக்கா பஞ்சு வைச்ச நாள் இரவு பொலிசுக்கு, 119க்கு எடுத்தன். "இன்னும் ஒண்டும் நடக்கேல்லத்தானே?" எண்டு கேட்டிச்சினம். இல்லை எண்டன். "நடந்தால் எடுங்கோ."

#9 காலிவீதிக்காரன் | திங்கள், பகல் 2.02

அக்கா, நீங்கள் எழுதினதை இரண்டு தரம் வாசிச்சன்.

கறுப்புக்கோட்டு அண்ணை, ஒரு கேள்வி. மருந்தை விட்டது அவன்தானே? விட்டால் என்ன வரும் எண்டு தெரிஞ்சுதானே விட்டவன்? குடிச்சிட்டுக் கார் ஓடினவனை விடுறமா?

#10 கறுப்புக்கோட்டு | திங்கள், மாலை 5.40

நல்ல கேள்வி. குடிக்குச் சட்டம் தெளிவா இருக்கு. தானா விரும்பி எடுத்த போதை எண்டால், நிதானமா இருந்தவருக்கு என்ன அறிவு இருந்திருக்குமோ அதே அறிவு இவருக்கும் இருந்ததாகத்தான் எடுப்பினம். ஐஸ் எண்ட போதைப்பொருள் போட்டுட்டுச் செய்தவனுக்கும் அதுதான். இப்ப மேல் நீதிமன்றங்களில வாற சிக்கலே இது. வருத்தமும் இருக்கும், ஐஸும் இருக்கும். எது எங்க முடிஞ்சுது எண்டு ஒரு கோடு கீறச் சொன்னால் எந்த டொக்டர் கீறுவார்?

மருந்தை விடுறது அப்பிடி இல்ல. 77 கேக்கிறது அந்த நேரத்தை மட்டும். மூண்டு மாசத்துக்கு முதல் குளிசையை ஜன்னலால எறிஞ்ச நேரத்தைக் கேக்கேல்ல. என்ர தனிப்பட்ட அபிப்பிராயம், கேக்காமல் இருக்கிறது நல்லது. கேக்க வெளிக்கிட்டால் பிறகு கேள்வி அவனோட நிக்காது. மருந்து கிடைச்சுதா, கிளினிக் திகதி எவ்வளவு தூரத்தில போட்டவை, 119க்கு எடுத்தவளுக்கு என்ன பதில் சொன்னவை எண்டெல்லாம் வரும். அதுக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆக்கள் எதிரிக் கூண்டில நிக்கிறேல்ல.

இன்னொண்டு. இங்கிலாந்தில 1957இல ஒரு நடுவழி கொண்டுவந்தினம், குறைந்த பொறுப்பு எண்டு. முழு விசர் இல்ல, முழு நிதானமும் இல்ல எண்டால் கொலை எண்டது ஒரு படி இறங்கும். எங்கட 294ஆம் பிரிவில கொலையைக் குறைக்கிற விலக்கு ஐந்து இருக்கு, அதில இது இல்ல. திடீர்க் கோபத்துக்கு இடம் இருக்கு, இருபது வருச வருத்தத்துக்கு இடம் இல்ல. ஆகவே இங்க ஒண்டில் எல்லாம், இல்லாட்டி ஒண்டுமில்ல. 1976க்குப் பிறகு ஒருத்தரையும் தூக்கேல்ல எண்டாலும், தீர்ப்பு மரண தண்டனைதான்.

மனநோயாளரை அனுமதிக்கிறதுக்கு நாங்கள் வைச்சிருக்கிற சட்டத்தின்ர அடி 1873. தந்தி காலம்.

#11 தவணைப்பணம் | திங்கள், மாலை 6.11

எல்லாரும் டொக்டர் லோயர் ஆயிட்டீங்க. நான் பொப்கோர்ன் வாங்கப் போறன்.

#12 தெமட்டகொட_மருமகன் | திங்கள், மாலை 6.14

பொப்கோர்னை வீட்டில வைச்சுத் தின்னுங்கோ.

#13 பேச்சுமாத்தி | திங்கள், இரவு 10.50

பத்தொன்பது வருசம் நீதிமன்ற மொழிபெயர்ப்பு. இப்ப ஓய்வு. ஒரு சம்பவம் எழுதுறன், ஆளை அடையாளம் காண ஏலாத அளவுக்கு மாத்திட்டன்.

வன்னியிலயிருந்து வந்து கொழும்பில மேசன் வேலை செய்த ஒருத்தர். கூட வேலை செய்தவரை அலவாங்கால அடிச்சுக் கொண்டவர். டொக்டருக்குத் தமிழ் தெரியாது, ஆளுக்குச் சிங்களம் தெரியாது, நடுவில நான். டொக்டர் கேட்டது "வெரதி எண்டு தெரியுமா?" சிங்களத்தில ‘வெரதி’ எண்டால் ஒரே சொல்லுக்குள்ள எல்லாம் அடங்கும். தமிழில நான் எதைப் போட? பிழையா, தப்பா, குற்றமா, பாவமா? யோசிக்க நேரமில்லை, வாயில வந்ததைச் சொன்னன்: "அடிச்சது பிழை எண்டு தெரியுமா?"

ஆள் என்னைப் பாத்துச் சொன்னார்: "பிழைக்க மாட்டார் எண்டு தெரியும்."

நான் அதைச் சொன்னபடியே மாத்திக் குடுத்தன், அதுதானே என்ர வேலை. டொக்டர் எழுதினார். பேனை ஓடுறது எனக்குத் தெரியுது. அடிச்சால் சாவார் எண்டு தெரிஞ்சிருக்கு எண்டுதானே அந்தப் பதிலின்ர அர்த்தம்? செயல் என்ன எண்டு தெரிஞ்சிருக்கு. ஆனால் கேட்ட கேள்வி அது இல்ல. கேட்ட கேள்வி அவரின்ர காதுக்குப் போகவே இல்ல, என்ர சொல்லில தடக்கி விழுந்திட்டுது.

மொழிபெயர்ப்பாளன் தன்ர பாட்டில கேள்வி கேக்கக் கூடாது. நான் டொக்டரிட்டக் கேட்டன், "சேர், சொல்லை மாத்தி இன்னொருக்கா கேக்கட்டோ?" நல்ல மனுசன், தலையாட்டினார். "அப்பிடிச் செய்தது பாவமா?" எண்டன். ஆள் கனநேரம் நிலத்தைப் பாத்தார். "பாவம்தான். அதை நான் சுமக்கிறன். அடிக்காட்டில் ராத்திரி அவர் என்ர பிள்ளைகளின்ர மூச்சை எடுத்திருப்பார். ரேடியோவில மூண்டு தரம் சொன்னது."

பாவம் எண்டு தெரியும். செத்திடுவார் எண்டு தெரியும். பொலிஸ் பிடிக்கும் எண்டும் தெரிஞ்சுதான் தானே போய் நிண்டவர். இதில எந்தத் ‘தெரியும்’ 77க்கு வேணும்? தீர்ப்பை நான் எழுதேல்ல. கேள்வியை மட்டும் அக்கா_ஒருத்தியின்ர கேள்விக்குப் பக்கத்தில வைக்கிறன்.

#14 நித்திரையில்லாதவன் | செவ்வாய், அதிகாலை 12.40

பேச்சுமாத்தி ஐயா எழுதின அதே முடிச்சில அமெரிக்காவில ஒரு வழக்கு இரண்டு தரம் அவிழ்ந்தது. அண்ட்ரியா யேட்ஸ், டெக்சாஸ், 2001 ஜூன். ஐந்து பிள்ளைகளையும் குளியல்தொட்டியில அமத்திக் கொண்ட தாய். பிள்ளைப்பேறுக்குப் பிறகு வாற கடும் மனநோய். ஹலோபெரிடோல் எண்ட மனநோய் மருந்தை டொக்டர் நிப்பாட்டிக் கொஞ்ச நாள்தான். தானே பொலிசுக்குப் போன் எடுத்தவ. அரச தரப்பு அதைத்தான் பிடிச்சுது, போன் எடுத்தால் பிழை எண்டு தெரியும்தானே? அவவின்ர மனசில இருந்தது வேற: தான் கெட்ட தாய், பிள்ளைகள் இப்பவே செத்தால்தான் நரகத்துக்குப் போகாதுகள். 2002இல குற்றவாளி. அரச தரப்பு நிபுணர், இதே மாதிரிக் கதையை ஒரு ரீவி நாடகம் காட்டினது எண்டு சாட்சி சொன்னவர். அப்பிடி ஒரு அங்கம் வரவே இல்லை எண்டு பிறகு தெரிஞ்சுது. அதால மேன்முறையீட்டில அந்தத் தீர்ப்பு ரத்தாச்சு. 2006இல இன்னொரு ஜூரி, அதே பெண், அதே தொட்டி, குற்றவாளி இல்லை. சிறைக்குப் பதிலா மனநோய் ஆஸ்பத்திரி.

#15 தெமட்டகொட_மருமகன் | செவ்வாய், காலை 8.05

எல்லாம் வாசிச்சன். அக்கா, உங்களில கோபம் இல்ல. ஆனால் நான் மாறேல்ல. மாமியிட்ட ஒருநாளாவது ஒருத்தரும் "உங்களுக்கு எப்பிடி இருக்கு" எண்டு கேட்டதில்ல. அந்தக் காவல் கட்டளை எப்ப நீங்குது, நீங்கினால் எங்களுக்குச் சொல்லுவாங்களா எண்டு மாமி என்னைக் கேக்கிறா. கறுப்புக்கோட்டு ஐயா, அதுக்கு ஒரு பதில் இருந்தால் தனிமடலில போடுங்கோ.

#16 இரவுத்தாதி | செவ்வாய், காலை 8.20

மருமகன் அண்ணா, 1926ன்னு ஒரு இலக்கம் இருக்கு, தேசிய மனநல நிறுவகத்தோடது. நோயாளிக்கு மட்டும் இல்ல. மாமி பேசலாம். தமிழில பேசணும்னு முதல்லயே சொல்லுங்க.

#17 காலிவீதிக்காரன் | செவ்வாய், இரவு 9.25

இண்டைக்குப் பின்னேரம் மேல்வீட்டுக்குப் போனன். பெடியன்ர தாய் மட்டும் இருந்தவா. லேனில ஒருத்தரும் அவவோட கதைக்கிறேல்ல, நானும் கதைக்கேல்லத்தான். கீழ்வீட்டுக்காரர் வெளிக்கிட்டுப் போயிட்டினம், கதவில வெள்ளைக் கொடி இன்னும் கிடக்கு.

அவ கேட்ட ஒரே கேள்வி, விளக்கமறியலில அவனுக்கு ஊசி போடுறாங்களா எண்டு. கிளினிக் கொப்பியைக் காட்டினா. கடைசி முத்திரைக்குப் பிறகு நாலு மாசம் வெறும் பக்கம். "ஊசி முடிஞ்சுது, அடுத்த மாசம் வாங்க எண்டவை, பிறகு அவன் வரமாட்டன் எண்டிட்டான்" எண்டா. இதை யாரிட்டக் குடுக்கிறது எண்டும் அவவுக்குத் தெரியாது. அண்ணை, என்ன செய்யச் சொல்ல?

#18 கறுப்புக்கோட்டு | செவ்வாய், இரவு 9.50

கொப்பியை ஒருத்தரிட்டயும் குடுக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. பொலிசுக்கும் இல்ல, லோயருக்கும் இல்ல, எனக்கும் இல்ல. போட்டோகொப்பி இரண்டு செட். அடுத்த தவணைக்கு முதல் நகர்த்தல் பத்திரம் (மோஷன்) போட்டு, சிறை டொக்டர் மருந்தைத் தொடங்கவும் மனநல அறிக்கை எடுக்கவும் நீதவானிட்டக் கட்டளை கேக்கலாம். லோயர் இல்லாட்டில் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகச் சொல்லுங்கோ. எத்தினை பக்கம்?

#19 காலிவீதிக்காரன் | செவ்வாய், இரவு 9.58

எண்ணினன், 87. அதில நாலைந்து பக்கம் கரப்பான் அரிச்சுக் கிடக்கு.

#20 கறுப்புக்கோட்டு | செவ்வாய், இரவு 10.01

அரிச்ச பக்கத்தையும் எடுங்கோ. வெறும் பக்கத்தையும்.